குற்றம் பரம்பரைச் சொத்தா?

மன்னார்க் கரையோரத்தில் கேரள கஞ்சாவுடன் இளைஞனொருவன் கைதானான் என்ற செய்தியை நமது வாசகர்கள் எத்தனையோ தடவை படித்திருப்பர். அச்செய்தி வெளியான அன்று தலைமன்னாரிலோ பேசாலையிலோ ஓலைத்தொடுவாயிலோ தேநீர்க் கடையொன்றில் நடைபெறக்கூடிய உரையாடலை ஊகிப்பது கடினமன்று. "தகப்பன் எப்படி இருந்தவர்? மகன் வேறெப்படி இருப்பான்?" என்று ஒருவர் தொடங்குவார். "விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா?" என்று மற்றவர் முடித்து வைப்பார். திருமணப் பேச்சுக்கள் நின்று போவதும், பெற்றோரை இழந்த பிள்ளையொன்றை வளர்க்க விரும்பும் தம்பதியினரை உறவினர் தடுத்து விடுவதும் பெரும்பாலும் இதே நியாயத்தின் பேரில்தான். அதே வேளையில், "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று வளர்ப்பின் மீது பொறுப்பைச் சுமத்தும் பழமொழியும் நம்மிடமே உண்டு. தேவைக்கேற்ப ஒன்றை எடுத்து மற்றதை மறந்து விடுகின்றோம்.

இவ்விரு பழமொழிகளுக்கும் இடையிலான வழக்கு கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விஞ்ஞானிகளின் ஆய்வுகூடங்களிலும் விசாரிக்கப்பட்டு வருகின்றது. அங்கு கிடைத்துள்ள விடைகள் எந்தவொரு தரப்புக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட விடயமாகும். அந்தப் பங்கு என்ன வகையானது, அது யாரைப் பற்றிப் பேசுகின்றது, யாரைப் பற்றிப் பேசவில்லை என்பதிலேயே தவறுகள் நிகழ்கின்றன.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. 'சமூக விரோதி' என்ற சொல் நமது மண்ணில் கசப்பான வரலாறு கொண்டது. எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் எழுதப்பட்டிருந்த சொல் அது. உளமருத்துவம் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்று கூறுவது அதுவன்று. பிறருடைய உரிமைகளைத் தொடர்ச்சியாக மதியாமை, வஞ்சகம், பின்விளைவை எண்ணாத அவசரம், அடிக்கடி சண்டையில் இறங்குதல், தன்னுடையதும் பிறருடையதுமான பாதுகாப்பைப் பொருட்படுத்தாமை, பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை போன்ற குணங்கள் நிலைத்து நிற்பதையே அது குறிக்கின்றது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவருக்கும் இப்பெயரைச் சூட்டக் கூடாது என்றும், பதினைந்து வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறுக்கான அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்றும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நூல் நிபந்தனை விதிக்கின்றது. ஒரு தடவை களவெடுத்தவனும், பசிக்காகக் கடத்தற்காரனின் படகில் ஏறியவனும் இதற்குள் அடங்குவதில்லை. குற்றம் வேறு, குணக் கோளாறு வேறு. சிறையிலுள்ள பலருக்கு இக்கோளாறு கிடையாது.

இனி, பரம்பரை. இது பற்றிய மிகத் தெளிவான சான்று நெதர்லாந்தின் ஒரு குடும்பத்திலிருந்து கிடைத்தது. 1978இல் பெண்ணொருவர் நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் சென்று, தமது குடும்பத்து ஆண்களிற் சிலரின் போக்குத் தமது பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று வினவினார். அக்குடும்பத்து மூத்தவர் ஒருவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இந்த விசித்திரத்தைக் கவனித்து, பாதிக்கப்பட்ட ஆண்களைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்த ஆண்கள் இலேசான அறிவுக் குறைபாடு உடையவர்கள். அற்ப காரணத்துக்கும் கட்டுக்கடங்காத சீற்றம் கொண்டனர். தீ வைத்தல், பாலியல் வன்முறைக்கு முயலுதல் போன்ற செயல்களிலும் சிலர் ஈடுபட்டிருந்தனர். பெண்களுக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை.

ஹான் புருன்னர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1993இல் காரணத்தை வெளியிட்டனர். மூளையில் செரட்டோனின், டோபமின் போன்ற நரம்புக் கடத்திகளை வேலை முடிந்ததும் சிதைத்து அகற்றுகின்ற மோனோஅமைன் ஒக்சிடேஸ் ஏ என்னும் நொதியத்தை உருவாக்கும் பரம்பரை அலகில் ஓரெழுத்துப் பிழை காணப்பட்டது. நொதியம் அறவே உருவாகவில்லை. அந்தப் பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது ஈடு செய்கின்றது. ஆணுக்கு இருப்பது ஒன்றே.

இது வெளியானதும் உலகப் பத்திரிகைகள் 'வன்முறை மரபணு கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதின. நமது தொழிலுக்கு அது பெருமை சேர்க்கவில்லை. ஒரு நடத்தையை நேரடியாக உருவாக்கும் மரபணு என்பதொன்று இருக்க முடியாது என்று புருன்னரே பின்னர் எழுத வேண்டியதாயிற்று. அதே பிழையைக் கொண்ட சகோதரர்களும் மாமன் மருமக்களும் ஒரே செயலைச் செய்யவில்லை. அதன் பின்னர் இத்தகைய முழுப் பழுது உலகெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களிலேயே காணப்பட்டுள்ளது. ஆகவே, நமது ஊரில் கைதாகும் இளைஞனுக்கும் நெதர்லாந்துக் குடும்பத்துக்கும் சம்பந்தம் தேடுவது வீண்.

பலருக்கும் பொருந்தக்கூடிய விடயம் வேறொன்று. அதே பரம்பரை அலகு முழுமையாகப் பழுதடையாமல், சற்று மந்தமாக வேலை செய்யும் வடிவத்தில் உலகின் ஆண்களில் மிகப் பலரிடம் காணப்படுகின்றது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அதைக் கொண்டுள்ளனர். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே தொடர்ந்து அவதானித்து வந்தனர். அவர்களுள் 442 ஆண்களைப் பற்றி அவ்ஷலோம் காஸ்பி, டெரி மொஃபிற் ஆகியோரும் அவர்களது சகாக்களும் 2002இல் வெளியிட்ட முடிவு பெரும் கவனத்தை ஈர்த்தது. மந்த வடிவமும் சிறுவயதில் கொடுமைக்குள்ளான அனுபவமும் ஒருங்கே வாய்த்தவர்கள் நூற்றுக்கு 12 பேரே. ஆனால், வன்முறைக் குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டனைகளில் நூற்றுக்கு 44 அவர்கள் மீதானவை. இதைவிட முக்கியமானது மறுபக்கம். அதே மந்த வடிவத்துடன் பிறந்து, அடி உதையின்றி வளர்ந்த பிள்ளைகள் ஏனையோரைவிட எவ்வகையிலும் முரடர்களாக வரவில்லை.

பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் சில இதை உறுதிப்படுத்தின, சில உறுதிப்படுத்தவில்லை. 2014இல் பல ஆய்வுகளை ஒன்று திரட்டிப் பார்த்தபோது ஆண்களைப் பொறுத்தவரை இவ்விணைப்பு உண்டு என்றே தெரிய வந்தது. ஆயினும் முதலில் எண்ணியதைவிட அது மெலிந்தது. 2022இல் 85,000க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை அலசிய பன்னாட்டுக் குழுவொன்றுக்குப் புள்ளிவிபர ரீதியாக உறுதியான ஓரிடமே கிடைத்தது. ஏனையவை ஆயிரக்கணக்கான சிறு சிறு வேறுபாடுகள். ஒவ்வொன்றின் விளைவும் மணலில் ஒரு மணி போன்றது. ஒருவனுடைய இரத்தத்தைப் பரிசோதித்து அவன் குற்றவாளியாவானா என்று கூறும் ஆற்றல் எந்த ஆய்வுகூடத்துக்கும் இல்லை. இருந்தும், 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலையாளி ஒருவருக்கு இந்த மந்த வடிவமும் உண்டு என்பதைக் கருத்திற் கொண்டு தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அந்தத் தர்க்கத்தை நீதிபதிகள் இறுதிவரை கொண்டு செல்லவில்லை போலும். மூன்றிலொரு ஆணுக்கு ஓராண்டு கழிவு என்றாகிவிடும்.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்குண்டு என்று உறுதியாகக் கூறுவது எதனடிப்படையில்? இரட்டையர்களைக் கொண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் தமது பரம்பரை அலகுகள் அனைத்தையும் பகிர்ந்து கொள்கின்றனர். இரு கருவில் உருவான இரட்டையர் சாதாரண உடன்பிறப்புக்கள் போன்றே சராசரியாகப் பாதியைப் பகிர்கின்றனர். இருசாராரும் ஒரே வீட்டில் வளர்பவர்கள். முதல் வகையினர் நடத்தையில் அதிகம் ஒத்திருந்தால், அந்த மிகுதி பரம்பரையின் கணக்கில் சேரும். இரட்டையர்களையும் தத்துக் கொடுக்கப்பட்டோரையும் கொண்ட 51 ஆய்வுகளை 2002இல் தொகுத்து நோக்கியபோது, சமூக விரோத நடத்தையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்குச் சுமார் 41 பங்கு பரம்பரையாலும், 16 பங்கு ஒரே குடும்பச் சூழலாலும், 43 பங்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்த்த அனுபவங்களாலும் நேர்வதாகக் கணிக்கப்பட்டது. நமது நாட்டிலும் பேராசிரியர் அதுல சுமதிபால தலைமையில் கொழும்பு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களைக் கொண்ட பெரும் ஆய்வொன்று நடந்துள்ளது. எனினும் நாம் இங்கு பேசும் குணங்கள் பற்றிய கணிப்புக்கள் மிகப் பெரும்பாலும் மேலை நாட்டவரைக் கொண்டே பெறப்பட்டவை.

இந்த 41 என்ற எண்ணைத்தான் பலரும் பிழையாக வாசிக்கின்றனர். ஒருவன் செய்த குற்றத்தில் 41 பங்கை அவன் தகப்பன் செய்தான் என்று இதற்குப் பொருளில்லை. பனம்பாத்தி போட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே குவியலிலிருந்து விதைகளை அள்ளி இரண்டு பாத்திகளில் புதைக்கின்றோம் என வைத்துக் கொள்வோம். ஒன்று ஈரம் பிடிக்கும் நல்ல மணல். மற்றது உவர் ஏறிய கட்டாந்தரை. நல்ல பாத்திக்குள் மண் எங்கும் ஒன்றே. ஆகவே, அங்கு ஒரு கிழங்கு திரட்சியாகவும் அடுத்தது மெலிந்தும் வந்தால் காரணம் விதை. உவர்ப் பாத்திக்குள்ளும் அவ்வாறே. ஆனால், நல்ல பாத்திக் கிழங்குகள் பொதுவில் பருத்தும் உவர்ப் பாத்திக் கிழங்குகள் பொதுவில் சுருங்கியும் இருப்பதற்கு விதை காரணமாகாது. இரண்டும் ஒரே குவியல். ஒரு பாத்திக்குள் உள்ள வேறுபாட்டுக்கு விதை காரணம் என்று நிரூபித்த பின்னரும், இரு பாத்திகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றி நாம் எதையும் நிரூபித்தவர்களாக மாட்டோம்.

ஒரு குடும்பத்தை விட்டு ஓர் ஊரையோ சாதியையோ சமூகத்தையோ பற்றிப் பேசத் தொடங்கும்போது மீறப்படுவது இந்த எல்லையே. 2006இல் நியூசிலாந்து ஆய்வாளர் ஒருவர், மேற்கூறிய மந்த வடிவம் மாவோரி ஆண்களிடையே அதிகம் என்று கூற, 'போர்வீர மரபணு' என்ற பெயரில் அந்நாட்டுப் பழங்குடியினரின் குற்ற விகிதத்துக்கே அது காரணமாகப் பேசப்பட்டது. சோதிக்கப்பட்ட மாவோரி ஆண்கள் ஐம்பது பேர்கூட இல்லை. அதே வடிவம் சீன ஆண்களிடையே அதைவிடவும் அதிகம் என்று முன்னரே வெளியாகியிருந்ததும், சீனரை எவரும் பிறவி முரடர்கள் என்று அழைக்காததும் விவாதம் சூடு தணிந்த பிறகே பலருக்கு நினைவுக்கு வந்தன.

மாவோரிகளுக்கு நேர்ந்தது பேச்சளவில் நின்றது. தமிழ் பேசும் மக்களிடையே அது சட்டமாகவே நடந்தேறியது. பிரித்தானிய இந்திய அரசு 1871இல் குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. தச்சனின் மகன் தச்சனாவது போல, குற்றவாளிச் சாதியில் பிறந்தவன் குற்றவாளியாவான் என்பதே அதை ஆதரித்தோர் முன்வைத்த நியாயம். ஐந்து ஆண்டுகளின் பின்னர் இத்தாலியில் லொம்புறோசோ பிறவிக் குற்றவாளி பற்றிய தமது நூலை வெளியிட்டார் என்பதை நோக்கின், அக்காலத்துக் காற்றில் மிதந்த எண்ணம் எதுவென்பது விளங்கும். 1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்கள் அதன் வலையில் வீழ்ந்தனர். ஊர்களுக்கும் விளைநிலங்களுக்கும் காவல் இருந்து கூலி பெறும் உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் இருந்து வந்தது. புதிய பொலிஸ் முறை அந்தப் பிழைப்பைப் பறித்தது. பறித்த பின்னர் களவு பெருகியது என்று கூறி, அதற்குக் காரணத்தை அவர்களது பிறப்பில் தேடியது.

வளர்ந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ஊரைவிட்டுச் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். பலர் இரவில் பொலிஸ் நிலையத்திலேயே படுத்துறங்க வேண்டும். எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவனுக்கும் இதுவே விதி. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் திகதி, உசிலம்பட்டிப் பக்கமுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்துத் திரண்டபோது பொலிஸார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதிலும் 1952இல்.

அதன் பின் நிகழ்ந்தவை இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. கண்காணிப்பு நடந்த காலத்திலேயே கள்ளர் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ரேகை பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகளிலிருந்து ஆசிரியர்களும் அரச அலுவலர்களும் சட்டத்தரணிகளும் உருவாகினர். இரண்டு தலைமுறையில் ஒரு சமூகத்தின் பரம்பரை அலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியது பாத்தி.

நமது தீவில் அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை என்று ஆறுதல் கொள்வதற்கு நமக்குத் தகுதி உண்டா? 1983 ஜூலையில் 13 படையினரின் மரணத்துக்காகத் தென்னிலங்கையில் எரிக்கப்பட்டது எந்தத் தமிழரின் வீடு? 1990 ஒக்டோபர் இறுதியில் ஒருசிலர் மீதான சந்தேகத்தைக் காட்டி, எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் உப்புக்குளத்திலிருந்தும் கைக்குழந்தைகள் உட்பட ஒரு சமூகம் முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, கற்பிட்டிக்குப் படகேறியவர்களில் எத்தனை பேர் எதைச் செய்தவர்கள்? வட மாகாணம் முழுவதிலும் அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் தொகை சுமார் 75,000. 2019 ஏப்ரல் 21இன் பின்னர் ஒரு குழுவினரின் கொடுஞ்செயலுக்காகப் பல இடங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோதும் இதே கணக்குத்தான். இவற்றில் ஒன்றிலும் மரபணு என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. ஆனால் பிறப்பே சாட்சியம் என்ற 1871ஆம் ஆண்டின் நியாயம் மூன்றிலும் அப்படியே இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இதை மற்றவருக்குச் செய்தவர்களாகவும் மற்றவரிடமிருந்து அனுபவித்தவர்களாகவும் இருப்பதனால், இது விடயத்தில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தும் நிலையில் நாம் இல்லை.

மீண்டும் வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பத்தில் தந்தையும் மகனும் சிறை சென்றால் அது பரம்பரையா, ஒரே கூரையா என்பதை அந்த வீட்டைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது. இரண்டும் சேர்ந்தே கைமாறுகின்றன. பிரித்தறிய உதவியவர்கள் பிறந்த வீட்டில் வளராத பிள்ளைகள். டென்மார்க்கில் 1924க்கும் 1947க்கும் இடையில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் நீதிமன்றப் பதிவுகளை சார்னொஃப் மெட்னிக் குழுவினர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டனர். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் குற்றப் பதிவு அற்றவர்களாயின், மகன்களில் நூற்றுக்கு 13.5 பேர் பிற்காலத்தில் தண்டனை பெற்றனர். வளர்த்தவருக்கு மட்டும் பதிவு இருப்பின் 14.7. பெற்றவருக்கு மட்டும் இருப்பின் 20. இருசாராருக்கும் இருப்பின் 24.5.

பரம்பரையின் கை இதில் தெரிகின்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே எண்ணை எதிர்ப்பக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டும். பெற்றவர் குற்றவாளியாயிருந்தும், நல்ல வீட்டில் வளர்ந்த நூறு மகன்களில் எண்பது பேர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படவில்லை. மேலும், இந்தத் தொடர்பு களவு போன்ற சொத்துக் குற்றங்களில் மட்டுமே காணப்பட்டது. வன்முறைக் குற்றங்களில் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. "கொலைகாரன் பிள்ளையை வீட்டுக்குள் எடுக்காதே" என்று தடுக்கும் உறவினருக்கு இந்த ஆய்விலிருந்து ஆதரவு கிடையாது.

பிள்ளையின் பூர்வீகத்தை மறைப்பதா என்ற கேள்வியும் இங்கு எழுகின்றது. தத்தெடுக்கும் தமிழ்க் குடும்பங்களில் அதை இரகசியமாக வைத்திருப்போர் பலர். இஸ்லாமிய மரபில் வளர்ப்புப் பிள்ளை பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும். அநாதையைப் பராமரிப்பது பெரும் நன்மையாகவும் போற்றப்படுகின்றது. பூர்வீகத்தை அறிந்தும் அணைத்துக் கொள்வது என்ற அந்த ஏற்பாடு, நாம் இங்கு பேசும் அறிவுக்கு ஒத்துப் போவதாகவே நமக்குப் படுகின்றது. பிள்ளைக்கு எது எளிதில் வரும், எது எளிதில் வராது என்று வளர்ப்பவர் அறிந்திருப்பது தீங்கன்று.

ஏனெனில் பரம்பரையின் பாரம் எல்லாப் பிள்ளைகளிலும் ஒரே அளவினதன்று. இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்த எஸ்ஸி வைடிங் என்பவரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, குறும்பும் முரட்டுத்தனமும் மட்டுமுள்ள பிள்ளைகளில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 30 அளவே. பிறர் அழுவதைக் கண்டு இரங்காத, செய்ததற்கு வருந்தாத தன்மையும் சேர்ந்திருந்த பிள்ளைகளில் அது 81. இத்தகைய பிள்ளைகளின் தொகை சிறிது. பெற்றோரின் வளர்ப்பே பிழை என்று அயலவர் குற்றஞ்சாட்டுவதும் இவர்களது பெற்றோரைத்தான்.

அவர்களைப் பொறுத்தவரையிலும் கதவு மூடப்படவில்லை. அமெரிக்காவில் பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட 561 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வொன்று 2016இல் வெளியாகியது. பெற்ற தாய் கடுமையான சமூக விரோத நடத்தையுடையவராக இருந்தால், அவருடன் தொடர்பே இல்லாத அல்லது மிகக் குறைந்த தொடர்பே கொண்ட குழந்தையும் இரண்டேகால் வயதில் இரக்கமின்மையின் அறிகுறிகளைச் சற்று அதிகம் காட்டியது. ஆனால், வளர்ப்புத் தாய் குழந்தை நல்லதொன்றைச் செய்தபோதெல்லாம் அதைக் கவனித்துப் பாராட்டி, முகமலர்ந்து தட்டிக்கொடுப்பவராக இருந்த வீடுகளில் அந்தத் தொடர்பு மறைந்து போயிற்று.

இவ்வகைப் பிள்ளைகள் தண்டனைக்கு அதிகம் மசிவதில்லை, வெகுமதிக்கும் பாராட்டுக்கும் மசிகின்றனர் என்பது சிறுவர் உளவியலாளர் பலர் கண்ட அனுபவம். நமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதலில் பிரம்பு, பிறகு வகுப்புக்கு வெளியே நிறுத்துதல், பிறகு விடுகைப் பத்திரம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயது 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் பன்னிரண்டு வயதுக்கு முன்னரான ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கு யார் என்ன செய்வது என்பதைச் சட்டத் திருத்தம் தீர்த்து வைக்காது. பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் குடும்பப் பின்னணி எழுதப்படுகின்றது. தந்தை சிறையில் என்ற தகவல் அங்கு இடம்பெறுவதில் தவறில்லை. அவன் எத்தனை வயதில் எங்கு அடிபட்டான், எந்த முகாமில் வளர்ந்தான், பாடசாலையிலிருந்து எப்போது விலக்கப்பட்டான், அவனைப் பாராட்டிய பெரியவர் எவரேனும் ஊரில் உண்டா என்பனவும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.